வேகமாகப் போனால் மட்டும் கொதித்த லாரி

1962 டிசம்பர் 4 — ரூ. 0-00
டிசம்பர் 11 — ரூ. 6-50
டிசம்பர் 17 — ரூ. 38-00
டிசம்பர் 22 — ரூ. 14-25
டிசம்பர் 29 — ரூ. 52-75
1963 ஜனவரி 5 — ரூ. 3-00
ஜனவரி 8 — ரூ. 1-25

மொத்தம் நூற்றுப் பதினைந்து ரூபாய் எழுபத்தைந்து நயா பைசா. ஒரு லாரியின் எஞ்சின் கொதிப்பதை நிறுத்துவதற்காக அதன் முதலாளி ரகுபதி ஐந்து வாரத்தில் செலவழித்தது இது. ரேடியேட்டரைச் சோடா போட்டுக் கழுவினார்கள். பிறகு அதைக் கழற்றி ஈயம் வைத்தார்கள். விசிறிக்குப் புது பெல்ட் போட்டார்கள். வாட்டர் பம்பைப் பிரித்துக் கட்டினார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து, எஞ்சினில் தீப்பொறி விழும் டைமிங்கைப் பார்த்துவிட்டுப் போனார். கடைசி ஒன்றேகால் ரூபாய், வல்லக்கோட்டை முருகனுக்கு ஓர் அர்ச்சனையும் வண்டிக்குச் சுற்றி உடைத்த பூசணிக்காயும். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அந்த லாரி மறுபடியும் கொதித்தது. முதல் வரியில் உள்ள பூஜ்யத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதை ஓட்டியவர் சின்னப்பராஜ். வடக்குப்பட்டுக்குத் தெற்கே கத்தோலிக்கக் குடும்பங்கள் பதினான்கு வீடாக இருந்த தெருவில் 1931இல் பிறந்தவர். அப்பா மரம் அறுப்பவர். சின்னப்பராஜ் பதினெட்டு வயதில் லாரிக் கிளீனராகச் சேர்ந்து, 1954இல் லைசென்ஸ் எடுத்தார். லைசென்ஸைப் பொடி டப்பாவில் மடித்து வைத்து, அந்த டப்பாவைக் காக்கிச் சட்டையின் இடது பையில் வைத்திருப்பார். வண்டியை நிறுத்தியதும் முதலில் இறங்கி எஞ்சின் மீது கை வைப்பார். மூடிமீது, ரேடியேட்டரின் மேலே, கீழே, சக்கரத்தின் குடத்தில் என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். "வைத்தியர் மாரி நாடி பாக்கறாம்பா" என்று சுமை தூக்குபவர்கள் கேலி செய்வார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். கொதித்த எஞ்சினில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றவும் யாரையும் விடமாட்டார். இருபது நிமிஷம் ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் திறப்பார்.

நான் அப்போது வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் கேட் எழுத்தர். வரும் வண்டி, மூட்டை, நேரம் எல்லாம் என் நோட்டில் ஏறும். ரகுபதியின் லாரிச் செலவுக் கணக்கையும் நானே எழுதிவந்தேன். ரகுபதி வடக்குப்பட்டில் முப்பது ஏக்கர் வைத்திருந்த விவசாயி. லாரித் தொழிலுக்குப் புதியவர். பட்டாளத்து ஏலத்தில் வந்த பழைய பெட்ரோல் வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். நீண்ட மூக்கு உள்ள வண்டி. எஞ்சின் மூடி இரண்டு பக்கமும் சிறகுபோல மடங்கித் திறக்கும். ஸ்ரீபெரும்புதூரில் ஆலைக்கு இருந்த கிடங்கிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத்துக்கு நெல் ஏற்றி வருவது அதன் வேலை. இருபது மைல்.

டிசம்பர் 7ஆம் தேதி முதல்முறை கொதித்தது. பிறகு நின்றபாடில்லை. ஜனவரி 16, பொங்கல் முடிந்த மறுநாள், வண்டி ஆவி கக்கிக்கொண்டு ஆலை கேட்டுக்குள் நுழைந்தபோது ரகுபதி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாடா சின்னப்பா, இன்னிக்கும் வெந்நீர் போட்டு எட்தாந்தியா?"

"போட்டேன் மொதலாளி. குளிக்கிறதுன்னா சொல்லுங்க, எறக்கித் தரேன்."

மூட்டை இறக்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரகுபதியின் முகம் சிவந்துபோனது.

"கியரு மாத்தத் தெரியாம எஞ்சினப் போட்டு வேக வெக்கிற, வாயி வேறயா? எல்லா சாமானும் மாத்தியாச்சு. மாத்தாதது நீ ஒருத்தன்தான். சனிக்கெழம சாய்ந்தரம் சாவியக் குட்த்துட்டுப் போய்க்கினே இரு. புக்கிங் ஆபீசுக்கும் காலையிலயே லெட்டர் போட்டுட்டேன்."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சென்னையில் லாரிகளுக்குச் சுமை பிடித்துக் கொடுக்கும் அந்த ஆபீஸின் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. எஞ்சினை எரித்தவர்கள், சரக்கைக் குறைத்தவர்கள் என்று முதலாளிகள் எழுதி அனுப்பும் ஓட்டுநர்களின் பெயர் அதில் ஏறும். ஏறிவிட்டால் பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் வரை எவரும் அவரிடம் சாவி கொடுக்கமாட்டார்கள். சின்னப்பராஜுக்கு வீட்டில் மனைவி அருள்மேரியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். லாரி ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. அவர் ரேடியேட்டரில் கை வைத்தார். மேலே வைத்தார், கீழே வைத்தார், மறுபடியும் மேலே வைத்தார்.

மறுநாள் காலை என் மேசைக்கு வந்தார்.

"கணக்குப்புள்ளே, எந்த நாள் கொதிச்சுது, எந்த நாள் கொதிக்கலன்னு உங்க நோட்டுல கீதா?"

"இருக்குப்பா. எத்தினி மூட்டைன்னு கூட இருக்கு."

"படிங்க. ஒண்ணு வுடாம படிங்க."

படித்தேன். அவர் கேட் தூணில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கொதித்தது இடப்பக்கம், கொதிக்காதது வலப்பக்கம். இருபத்தேழு நடையில் பதினெட்டு கொதித்தது, ஒன்பது கொதிக்கவில்லை. அவர் நான் எதிர்பாராத கேள்வி கேட்டார்.

"இந்த ஒம்போதுல மூட்டை கொறச்சலா?"

பார்த்தேன். இல்லை. அதிக பாரமான அறுபத்திரண்டு மூட்டை ஏற்றி வந்தது ஜனவரி 6ஆம் தேதி. அன்று கொதிக்கவில்லை. டிசம்பர் 27ஆம் தேதி வாலாஜாபாத்திலிருந்து காலி வண்டியாகத் திரும்பும்போது கொதித்திருந்தது.

"ஆறாந்தேதி இன்னா நாளு?"

"கிருத்திகை."

"ஆமா! வல்லக்கோட்டக் கூட்டம்! ரோடு பூரா ஜனம், ஊர்ந்துகினு வந்தோம். பதிமூணாந்தேதி?"

"பொங்கலுக்கு மொத நாளு."

"கரும்பு வண்டி வரிசை! டிசம்பர் இருவது?"

"மழைன்னு எழுதியிருக்கேன்."

அவர் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே போட்டார். குரல் ஏறிவிட்டது. "ஒலகத்துல எல்லா வண்டியும் பாரம் ஏத்தி மெதுவா இஸ்துகினு போனா கொதிக்கும். இது மெதுவாப் போனா கொதிக்கல. காலியாப் போனாலும் வேகமாப் போனா கொதிக்குது! கணக்குப்புள்ளே, இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. கொதிக்கிறப்ப ரேடியேட்டருக்கு மேல கை வெச்சா தோலு உரியுது. கீழ வெச்சா பானத் தண்ணி மாரி சில்லுனு கீது. எஞ்சின நிறுத்தாம மெதுவா ஓட வுட்டா, அஞ்சு நிமிஷத்துல கீழயும் சூடு எறங்குது."

"அப்படின்னா?"

"தண்ணி சுத்துற வழி ஒண்ணு, ஓடினா மூடிக்குது, நின்னா தெறந்துக்குது. மெக்கானிக்குங்க எல்லாம் நின்ன வண்டியத்தான பாத்தாங்க? நின்ன எடத்துல அர நிமிஷம் முறுக்குவாங்க, வுட்டுடுவாங்க. ஓடறப்ப யாரும் உள்ள பாக்கல. நானும் பாக்க முடியாது, ஓட்டுறவனே நான்தான."

ஜனவரி 18, வெள்ளிக்கிழமை. கிடங்குச் சீட்டுகளை வாங்கிவர நான் ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தேன். ஐம்பத்தெட்டு மூட்டை ஏற்றி வண்டி தயாராக நின்றது. சின்னப்பராஜ் எஞ்சின் மூடியின் இடப்பக்கச் சிறகைக் கழற்றிக் கிடங்குச் சுவரில் சாய்த்துவிட்டு, ரகுபதியிடம் விஷயத்தைச் சொன்னார். மட்கார்டில் உட்கார்ந்து ஓடும் எஞ்சினைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

ஐம்பது வயதான கிளீனர் கண்ணப்பன் முன்வந்தார். "நான் குந்தறேன்."

"நீ அவன் ஆளு. அவன் சொல்லச் சொன்னத்தச் சொல்லுவ," என்றார் ரகுபதி. மேல்துண்டை உதறி இடுப்பில் கட்டினார். "நானே குந்தறேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது."

ரகுபதியின் எடை நெல் மூட்டை ஒன்றரைக்குக் குறையாது. இரண்டு பேர் தூக்கிவிட்டு மட்கார்டில் ஏற்றினோம். மூட்டை கட்டும் கயிற்றால் அவரை இடுப்போடு சேர்த்து விளக்குக் கம்பியில் கட்டினார் கண்ணப்பன்.

"செலையக் கட்டுற மாரி கட்டறியேடா!"

"தேருல சாமியக் கட்டுற மாரி கட்டறேன் மொதலாளி. இறுக்கமா கீதா?"

ஒன்பது நாற்பதுக்குப் புறப்பட்டோம். நான் சின்னப்பராஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணப்பன் மூட்டைமேல். வல்லம் வரை ரோடு வளைவும் நெளிவுமாக இருந்ததால் பதினைந்து மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. சின்னப்பராஜ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார்.

"இன்னா தெரியுது மொதலாளி?"

"உன் பொய்யிதான் தெரியுது! வேற ஒண்ணும் தெரியல!"

வல்லம் தாண்டியதும் ரோடு நேராக விரிந்தது. எதிரே ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. சின்னப்பராஜ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு காலை அழுத்தினார். இருபத்தைந்து. முப்பது. முள் முப்பத்தைந்தைத் தொட்டது. ரகுபதியின் குடுமி காற்றில் அவிழ்ந்து பறந்தது. பிறகு அந்தக் கூச்சல் வந்தது.

"டேய்! டேய் சின்னப்பா! நசுங்குதுடா!"

"எது மொதலாளி?"

"ஓசு! கீழ் ஓசு! ரேடியேட்டருக்கு அடியிலர்ந்து பம்புக்குப் போவுது பாரு, அது! பல்லு போன கெழவன் கன்னம் மாரி உள்ள போவுதுடா!"

"நிறுத்தட்டா?"

"நிறுத்தாத! அழுத்து, அழுத்து! ஐயோ, சப்பையாப் போச்சு! அப்பளம்! அப்பளமாப் போச்சுடா!"

சின்னப்பராஜ் பெடலிலிருந்து காலை எடுத்தார். "இப்ப மெதுவாப் போறேன், பாருங்க!"

வேகம் குறைந்தது. ரகுபதி இன்னும் குனிந்து பார்த்தார். பிறகு, "உப்புதுடா! உருண்டையா ஆய்டுச்சு! மறுபடியும் வேகமாப் போ!"

மூன்று முறை அப்படி ஓட்டினார். மூன்று முறையும் ஓஸ் நசுங்கியது, மூன்று முறையும் உப்பியது. கொதிக்கிறதே என்ற கவலையே ரகுபதிக்கு இல்லை. "இன்னொரு தபா! இன்னொரு தபா!" என்று மூடியைத் தட்டிக் கூவினார். ஒரகடம் ஏரிக்கரையில் ஆவி பீறிட்டு அவர் முகத்தை மறைத்தபோதுதான் வண்டி நின்றது. மணி பத்து ஐந்து.

கயிற்றை அவிழ்த்ததும் ரகுபதி இறங்கவில்லை. குனிந்து அந்த ஓஸைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். இப்போது அது உருண்டையாக, ஒரு குறையும் இல்லாததுபோல இருந்தது. கறுப்பு ரப்பரில் இரண்டு சுற்றுத் துணி வைத்தது.

இங்கேதான் அந்தப் பூஜ்யம் வருகிறது. டிசம்பர் 4ஆம் தேதி லாரியின் கீழ் ஓஸ் கிழிந்தது. புதிது வாங்க வேண்டாம் என்று ரகுபதி தன் கிணற்று ஆயில் எஞ்சினுக்கு வாங்கி மிஞ்சியிருந்த ஓஸில் ஒரு முழம் வெட்டித் தாமே மாட்டினார். செலவு இல்லை. அது தண்ணீரை வெளியே தள்ளும் பக்கத்துக்கான ஓஸ். உள்ளிருந்து எவ்வளவு அழுத்தினாலும் வெடிக்காது. ஆனால் லாரியில் அந்த இடம் பம்பு தண்ணீரை உறிஞ்சும் பக்கம். சூட்டில் ரப்பர் இளகி, வேகத்தில் பம்பு பலமாக இழுக்கும்போது, மெத்தென்ற ஓஸின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு வழி அடைபட்டது. கிணற்றில் உறிஞ்சும் பக்கத்துக்குக் கம்பி சுற்றிய விறைப்பான குழாய்தான் போட வேண்டும் என்று அந்த வட்டாரத்தில் எந்த விவசாயிக்கும் தெரியும். பம்பு இழுக்கவில்லை என்றால் நாலு ஊரில் ரகுபதியைத்தான் கூப்பிடுவார்கள். லாரியின் வயிற்றில் இருக்கும் பம்புக்கும் உறிஞ்சும் பக்கம் ஒன்று உண்டு என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

சின்னப்பராஜ் கேட்டார், "மொதலாளி, உங்க கெணத்துல இந்தப் பக்கத்துக்கு இன்னா பைப்பு போட்டுக்கிறீங்க?"

"கம்பி சுத்தினது."

"ஏன்?"

"ஏண்டா, எனக்கே பாடம் எட்க்கிறியா? உறியற பக்கம்டா அது! மெத்துனு கீறத போட்டா..." ரகுபதி மறுபடியும் ஓஸைப் பார்த்தார். மெல்லச் சறுக்கி இறங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "கணக்குப்புள்ளே, இத்த எழுதாதீங்க," என்றார்.

"நாலாந்தேதியே எழுதியாச்சுங்க."

கண்ணப்பன் மூட்டைமேலிருந்து சிரித்த சிரிப்பு ஏரியின் மறுகரைக்குக் கேட்டிருக்கும்.

கோளாறு தெரிந்ததும் சின்னப்பராஜுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆறட்டும் என்று இருபது நிமிஷம் காத்திருந்தபோதே வேலையை ஆரம்பித்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு இரண்டு ஆள் நீளத்துக்கு வேலிக்கம்பி வாங்கிவந்தார். கடப்பாரையைச் சுற்றிக் கோணியைக் கட்டி ஓஸின் உள்ளளவுக்குப் பருமனாக்கினார். ரகுபதி கடப்பாரையைப் பிடித்துச் சுழற்ற, சின்னப்பராஜ் கம்பியை இழுத்துப் பிடிக்க, விரல் இடைவெளியில் ஒரு சுருள் உருவானது. ஓஸைக் கழற்றி, சுருளைத் திருகித் திருகி உள்ளே செலுத்தினார். முனை ரப்பரைக் குத்தாமல் இருக்க மடித்துவிட்டார். மறுபடியும் மாட்டி, பட்டை போட்டு இறுக்கி, ஏரித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றினார்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் புறப்பட்டோம். ரகுபதி வேட்டியெல்லாம் மசியோடு கேபினில் என் மடிமேல் பாதி உட்கார்ந்திருந்தார். ரோடு காலியாக இருந்த இடமெல்லாம் சின்னப்பராஜ் முப்பத்தைந்துக்குக் குறைக்கவில்லை. மூன்று பேரும் முன்னால் ஆவி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனோம். வரவில்லை. பன்னிரண்டு பத்தொன்பதுக்கு ஆலை கேட். பன்னிரண்டரை மைல், இருபத்தேழு நிமிஷம். சின்னப்பராஜ் குதித்து இறங்கி ரேடியேட்டரின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணா கீது! மொதலாளி, வந்து தொட்டுப் பாருங்க, ரெண்டும் ஒண்ணா கீது!"

ரகுபதி தொட்டுப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூட்டை இறக்க வந்தவர்கள் வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

"சனிக்கெழம சொன்னத மறந்துடுடா. சாவி உங்கிட்டயே இருக்கட்டும்," என்றார் ரகுபதி.

சின்னப்பராஜ் சாவியை எடுத்தார். என் மேசைமேல் வைத்தார். "என் பேரு பலகையில ஏறிக்கினு கீது மொதலாளி. அது அழியற வரிக்கும் சாவி கணக்குப்புள்ளகிட்ட இருக்கட்டும்."

"அறுப்பு நேரம்டா! நெல்லு குமிஞ்சு கெடக்குது!"

"எஞ்சின எரிச்சவன் ஓட்டுனா நெல்லும் வெந்துடும்."

மறுநாளே நான் எழுதி ரகுபதி கையெழுத்துப் போட்ட கடிதம் புறப்பட்டது: ஓட்டுநர்மீது தவறில்லை, பெயரை எடுத்துவிடவும். 21ஆம் தேதி ஆபீஸிலிருந்து வந்த கடிதம், முதல் புகாருக்குப் பதில். பெயர் எழுதியாகிவிட்டது என்றது. 24ஆம் தேதி அடுத்தது வந்தது. முன்பு எரித்தார் என்றீர்கள், இப்போது இல்லை என்கிறீர்கள், காரணத்தை உரிமையாளர் தம் கைப்படவே எழுதினால்தான் அழிக்க முடியும்.

அந்த நாட்களில் சின்னப்பராஜ் எங்கள் ஆலையிலேயே கூலிக்கு மூட்டை சுமந்தார். சோறு கொண்டுவந்த அருள்மேரி என் மேசையில் சாவியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதுகுத் தோலு போவுது. சாவி இங்க குந்திகினு கீது. நல்லா கீது இந்த ரோஷம்." சொல்லிவிட்டு, "வுடாதீங்க," என்று புருஷனிடம் மெதுவாகச் சேர்த்துக்கொண்டதும் என் காதில் விழுந்தது. சின்னப்பராஜ் எப்படிப்பட்டவர் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பின்னால் 1981 வரை லாரி ஓட்டினார், நாக்பூர் வரை போனார், ஒரு தடவைகூட எஞ்சினை எரித்ததில்லை. ஆனால் அந்தப் பதினான்கு நாள் அவர் ஓட்டாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

28ஆம் தேதி ரகுபதி கேட்டுக்கு வந்து காகிதமும் பேனாவும் கேட்டார். "ஓஸ் பழுதாயிருந்தது" என்று எழுதினார். மூட்டையோடு போன சின்னப்பராஜ் நின்றார்.

"யாரு போட்ட ஓசு?"

ரகுபதி அதைக் கிழித்துப் போட்டார். இரண்டாவது காகிதத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்: "கிணற்றுக்கு வாங்கிய ஓஸைத் தவறான பக்கத்தில் மாட்டியது நான். கண்டுபிடித்துச் சரிசெய்தவர் சின்னப்பராஜ். ரகுபதி." என்னிடம் கொடுத்து, "கண்டுபிடிச்சவன் அவன். பாத்தவன் நான். அத்தயும் சேக்கணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பதில் நாலு நாள் கழித்து, பகல் பதினொன்றரைத் தபாலில் வந்தது. உறையைப் பிரிக்கும்போதே ஆலை முற்றத்தில் மூட்டைகள் தரையில் விழும் சத்தம் கேட்டது. எல்லோரும் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். சத்தமாகப் படித்தேன். பெயர் பலகையிலிருந்து துடைக்கப்பட்டது, அதன் இடத்தில் யார் பெயரும் எழுதப்படவில்லை என்று ஒரே வாக்கியம். சின்னப்பராஜ் கையில் இருந்த நெல் தூசியை வேட்டியில் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தார். ரகுபதி முன்னால் ஓடிப்போய்க் கேபின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது. ஆபீஸிலிருந்து அந்த விஷயமாக அதன்பின் கடிதம் எதுவும் வரவில்லை. இந்தக் கடைசிக் கடிதம் வந்த நாள், 1963 பிப்ரவரி 1, வெள்ளிக்கிழமை.